முன்பக்கத்துப் பாரம்

மாமியாரின் கண் ஆபரேஷனுக்குள் கார் ஓடியாக வேண்டும். சிலிண்டரிலோ கீறல். தன் கையே தனக்குதவி என்று மாப்பிள்ளை வீட்டிலேயே எஞ்சினைக் கழற்றிச் சங்கிலியில் தூக்கினார். காரின் முன்பக்கம் நாலு விரற்கடை எழுந்தது. எழத்தான் செய்யும், இடுப்புக் குடத்தை இறக்கினால் யார்தான் நிமிரமாட்டார்கள்?

மறுநாள் காலை பல் விளக்கியபடியே மனைவி கேட்டாள். "அதுக்குள்ள எஞ்சினை மாட்டிட்டீங்களா? வண்டி பழையபடி தாழ்ந்து நிக்குதே!"

எஞ்சின் மூலையில் பலகைமேல்தான் கிடந்தது. பானெட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. முன்சக்கரங்கள் மட்டும் நன்றாக அமுங்கியிருந்தன.

"ஸ்பிரிங் மக்கர் பண்ணுது" என்று சொல்லிவைத்தார்.

சிலிண்டரைத் தேய்த்துச் சரிசெய்து, எஞ்சினை மெல்ல உள்ளே இறக்கினார். முன்பக்கம் துளியும் தாழவில்லை. இறக்க இறக்கப் பின்பக்கம்தான் தாழ்ந்துகொண்டே போனது.

ஆபரேஷனன்று சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பத் தயாரானது. மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். காலியாகக் கிடந்த பின்சீட்டில் மாமியார் தடவித் தடவி ஏறி, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. கதவைச் சாத்த முடியலை."