பெண் பார்க்க வந்தவள்

அவள் நுழைந்ததுமே புதுப்பாய் விரித்தார்கள். சொம்பில் தண்ணீர் வந்தது. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்களைத் திரும்பப் படிக்கக் கூட்டிப்போவது அவள் வேலை. ஒரு தொண்டு நிறுவனம். விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, செலவு கிடையாது. இதைச் சொல்லத்தான் வீடு வீடாகப் போவாள். பாதி வீடுகளில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். மீதி வீடுகளில் நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

இங்கே முறுக்கு வைத்தார்கள்.

சுவரோரம் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் அவள் பட்டுப்புடவை மேல். காலையில் ஆபீசில் ஒரு விழா. மாற்ற நேரமில்லை.

"தரகரு நாலு மணின்னாரு, சீக்கிரமே வந்துட்டீங்க. மத்தவங்க பின்னால வர்றாங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

அவள் தலையை எப்படியோ ஆட்டி வைத்தாள்.

காவேரி காபித் தட்டோடு வந்தாள்.

அம்மாவின் கல்யாணச் சேலை. தலை நிறைய மல்லிகை. போன மாதம் பள்ளிக்கூட வாசலில், "ப்ளஸ் ஒன்ல பயாலஜி எடுப்பேன் மேடம்" என்று சொன்ன அதே பெண். பதினாறுகூட முடியவில்லை.

காவேரி நிமிர்ந்தாள். மேடத்தை அடையாளம் தெரிந்துவிட்டது.

அடக் கடவுளே. என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துவிட்டார்கள்.

எழுந்துவிடத்தான் பார்த்தாள். பயமாகவே இருந்தது.

"பொண்ணுகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க," என்றார் அப்பா.

அவள் எழவில்லை.

இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. பெண்ணிடம் எதைக் கேட்டாலும் அப்பாவோ சித்தப்பாவோ பதில் சொல்வார். இந்தச் சலுகை மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"உனக்கு என்னம்மா ஆசை?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மாவின் முந்தானை மட்டும் தெரிந்தது.

"படிக்கணும்," என்றாள் காவேரி.

பங்காளிகள் நெளிந்தார்கள். அப்பா அவசரமாகச் சிரித்தார்.

"படிக்கட்டுமே! நீங்க கூட்டிட்டுப் போய்ப் படிக்க வெச்சா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்? இனிமே உங்க பொண்ணுங்க அவ. எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்."

"ரொம்பச் சந்தோஷம்ங்க. கூட்டிட்டுப் போறேன்."

காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. தாம்பூலத் தட்டோடு பெண்கள் இறங்கினார்கள்.

அப்பா வேனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப நீங்க யாரு?"

"பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்லருந்து வர்றேங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது.

"எந்திரிச்சு வெளிய போம்மா."

எழுந்தாள். நாயை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள்.

வேனில் வந்தவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். காவேரி தட்டோடு நடுவில் நின்றாள். அழவில்லை. அந்த மேடத்தையே பார்த்தாள்.

சமையலறைக் கதவு திறந்தது.

அம்மா வந்தாள். மகள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். நேராக வாசலுக்குப் போனாள்.

"மன்னிச்சுக்கோங்க. பொண்ணுக்கு வேற எடத்துல வாக்குக் குடுத்தாச்சு."

பின்னால் கணவர் இருமினார். அவள் திரும்பவில்லை.

"இவருதான் குடுத்தாரு. சபையில."