ஏழாம் இருக்கை

படம் பார்த்த பத்துப் பேரின் விரலிலும் நாடித்துடிப்புக் கருவியை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது துடிப்பு நூற்றிருபதைத் தாண்டினால்தான் படம் வெளிவரும் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இயக்குநரின் முந்தைய இரண்டு பேய்ப் படங்களும் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தன. இதுவும் முடங்கினால் இனி யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

"ஒன்பது பேர் தாண்டிட்டாங்கண்ணே. ஏழாம் சீட்டுதான்..." என்று இழுத்தார் படத்தொகுப்பாளர்.

"ராட்சசப் பல்லி கட்டிலுக்கு அடியிலேருந்து வர்றப்ப?"

"எழுபத்திரண்டு."

"ஆளை முழுங்குறப்ப?"

"எழுபது. குறைஞ்சிருக்குண்ணே."

இயக்குநர் காபிக் கோப்பையைச் சுவரில் விட்டெறிந்தார். "அது மனுஷ ஜென்மமா, கல்லா? ரெண்டு வருஷ உழைப்புய்யா! கண்ணைத் திறந்து பாரு!"

படத்தொகுப்பாளர் சட்டையில் தெறித்த காபியைப் பதறாமல் துடைத்துக்கொண்டார். அவருக்கு இது பழகிப்போயிருந்தது. பல்லி வராத காட்சிகளையும் விடாமல், ஏழாம் இருக்கையின் பதிவை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"அண்ணே! ஒரு இடத்துல நூத்தி நாப்பது!"

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! எந்த சீன்?"

"ஹீரோ ஆபீஸ்லேருந்து வீட்டுக்கு வர்றார். கதவுல சாவி திரும்புற சத்தம். அவ்வளவுதான்."

"அதுல பல்லியே இல்லையேய்யா! ஒருத்தன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுல பயப்பட என்ன இருக்கு? யாரு அந்த ஏழாம் சீட்டு?"

படத்தொகுப்பாளர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆள் வரலைன்னு, காலையில நீங்கதானேண்ணே அண்ணியை அங்க உட்கார வெச்சீங்க?"