பஸ்ஸில் பிடித்த பாட்டு

“அந்த ரைட்டரு என் பாட்டைத் தொறந்துகூடப் பாக்கறதில்ல, அமலி. எனக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே தெரசம்மாள் ஆரம்பித்துவிட்டாள். இருவரும் ஏற்காட்டில் ஒரே லாட்ஜில் துணி துவைக்கிறவர்கள்.

“எந்த ரைட்டருக்கா?”

“எங்க பாட்டுக் குழு ஸ்தனிஸ்லாஸ்தான். வேற யாரு?”

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஸ்தனிஸ்லாஸ். மலையில் இருக்கிற பாட்டுப் பிரியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் எல்லாம். ஆளுக்கு வாரம் ஒரு பாட்டு அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் கேட்டுவிட்டு, அனுப்பியவர் பெயரோடு குழுவில் போடுவார். பாட்டில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று பேசியும் அனுப்புவார்.

நாள் முழுக்கப் போர்வையும் தலையணை உறையும் அலசுகிற தெரசம்மாளிடம், ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

பாட்டைத் தேடி எடுத்து அனுப்பும் வித்தையெல்லாம் அவளுக்குத் தெரியாது. வீடு திரும்பும் பஸ்ஸில் நல்ல பாட்டு ஓடினால் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பதிவு செய்துவிடுவாள். அவள் ஊரான வெள்ளக்கடை வந்தால் இறங்க வேண்டும். பாட்டும் அங்கேயே நின்றுவிடும். குழுவில் அது வந்ததும் அவள் திறக்கமாட்டாள். தெரிந்த பாட்டுக்கு எதற்கு டேட்டா?

“எதை வெச்சுக்கா சொல்றீங்க?” என்றாள் அமலி.

“மாதேசு பாட்டுல தபேலா தூக்கலா இருக்குன்னாரு. மலரு பாட்டுல எங்கியோ ‘உஸ்’ஸுன்னு கேக்குதுன்னாரு. அத்தனை கூர்மையான காது! என் பாட்டுல வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்குது, கண்டக்டரு விசில் ஊதறாரு. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? ‘கடைசிச் சரணத்துல புல்லாங்குழல் அருமை’ங்கறாரு. நான் அனுப்பினதுல கடைசிச் சரணமே இல்லடி!”

“பழைய பாட்டுதானே. ஞாபகத்துல சொல்லியிருப்பாரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். கேக்காமயே சொல்றாரு. துணி தொவைக்கறவ அனுப்பறதுதானேன்னு எளக்காரம்.”

டிரைவர் அடுத்த பாட்டைப் போட்டார். வயலின் இழைந்தது. தெரசம்மாள் போனை நீட்டினாள். பாதிப் பாட்டில் போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய்ச் சத்தமாகச் சொன்னாள்:

“அந்த ரைட்டருக்குக் காது இருக்கறதே கண்ணாடி மாட்டத்தான்! பெரிய வித்துவான்னு வேசம்!”

“ஐயோ, பதிவாகுதுக்கா!”

“ஆகட்டும். கேட்டா கோவம் வரணுமில்ல? வருதான்னு பாத்துப்புடலாம்.”

வரவில்லை. ‘தெரசம்மா பாட்டு எப்பவும் போல அருமைங்க. அந்த வயலின் ஒண்ணே போதும்’ என்று பேசி அனுப்பியிருந்தார் ரைட்டர். அவர்தான் அப்படி என்றால், குழுவிலும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. மலர் மட்டும் ஒரு பூப் படம் போட்டிருந்தாள்.

தெரசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தர்கூடவா கேட்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் குழுவினர் ஜாபெஸின் டீக்கடையில் கூடினார்கள். தெரசம்மாள் உட்காரவே இல்லை.

“இனிமே ரைட்டரு யார் பாட்டைப் பத்தியும் பேசக்கூடாது. இல்லீன்னா நான் குழுவை விட்டுப் போறேன்.”

“ஏனுங்க, என்னாச்சு?” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“என் பாட்டு ஒண்ணையாச்சும் கேட்டிருக்கீங்களா? கடைசியா நான் அனுப்பினதை இங்க போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

ரைட்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“வேண்டாங்க தெரசம்மா. அதை அழிச்சுட்டேன்.”

“பாத்தீங்களா! கேக்காமயே அழிச்சிருக்காரு!”

“நெசமாங்களா ரைட்டரே?” மாதேஷின் குரலில் மரியாதை குறைந்திருந்தது.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவரு அழிச்சா என்ன? குழுவுல இருக்குதே,” என்று மலர் தன் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள்.

வயலின் இழைந்தது. ஹார்ன் இல்லை. விசில் இல்லை. பாட்டு வெள்ளக்கடையைத் தாண்டிக் கடைசிச் சரணம் வரைக்கும் போனது.

“இது நான் அனுப்பினதே இல்ல! ஹார்ன் எங்க? கண்டக்டரு எங்க?”

“என்னக்கா, எந்தக் கண்டக்டரு?” மலர் சிரித்தாள். “உங்க பாட்டு என்னைக்குமே நொம்ப க்ளியரா வரும். எங்கிருந்துதான் புடிக்கறாங்களோன்னு நானும் மாதேசும் வயிறெரிவோம்.”

தெரசம்மாள் தன் போனை எடுத்தாள். தன் பெயரோடு குழுவில் வந்திருந்த பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் முழுப் பாட்டு.

மற்றவர்கள் அடுத்த டீ சொல்லப் போனதும் ரைட்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

“நீங்களா மாத்திப் போட்டீங்க?”

“பஸ்ஸு சத்தம் கேட்டா இவங்க சிரிப்பாங்கன்னு, அதே பாட்டைத் தேடி எடுத்துப் போடுவேனுங்க. பாதியில விடற பாட்டுங்களா நீங்க அனுப்பறது?”

அவளுக்கு விஷயம் புரிந்தது. இருந்தாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அதைவிட, ஒரு நப்பாசை.

“அப்ப... நான் அனுப்பினதை நீங்க முழுசாக் கேட்டதில்லீங்களா?”

ரைட்டர் மற்றவர்கள் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“கேட்டதாலதாங்க, அந்த ஒண்ணை மட்டும் அழிச்சேன்.”