ஒரு சாண் வெங்காயத்தாள்

"எவன்டா என் வெங்காயத்தாளை வெட்டினது?"

சமையலறை ஜன்னல் பக்கமிருந்து அம்மா போட்ட சத்தத்தில் தேஷிக் கையிலிருந்த ஸ்பூன் சூப்புக்குள் விழுந்தது.

"நான் இல்லம்மா."

"நேத்து நாலு விரல் வளர்ந்திருந்துச்சு. இப்ப வந்து பாரு, மொட்டை! நீதான் நூடுல்ஸ்ல நறுக்கிப் போட்டுத் தின்னிருப்ப. சின்ன வயசுலயே திருட்டுத் தீனி தின்னவன்தானே நீ."

நாற்பத்து மூன்று வயதில், மனைவி எதிரே உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டியிருந்தது. ஹேரிம் அவன் கிண்ணத்திலிருந்து ஸ்பூனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

அந்த வசந்தத்தில் சியோலில் வெங்காயத்தாள் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தாளை நறுக்கிய பிறகு வேரோடு இருக்கும் அடித்தண்டை யாரும் குப்பையில் போடவில்லை. தயிர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் தாள் வந்துவிடும். தேஷிக் வீட்டு ஜன்னலிலும் ஐந்து டப்பாக்கள் இருந்தன.

அம்மா ஜிண்டோ தீவிலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்தவள். நாற்பது வருடம் வெங்காயத்தாள் வயலில் குனிந்து நிமிர்ந்தவள். கட்டுப் பிரித்து ஒரு வாரத்தில் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். போகிற நேரத்தில் அந்த டப்பாக்கள் கண்ணில் பட்டுத் தொலைத்தன.

"டப்பாவுல விவசாயமா? லட்சணம்தான்! சரி, இது ஒரு சாண் வளரட்டும். என் கையால உங்களுக்கு ஒரு அடை சுட்டுப் போட்டுட்டு பஸ் ஏறுறேன்."

சொன்னதோடு பையைத் திறந்து துணிமணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கிவிட்டாள். தினமும் டப்பாக்களுக்குத் தண்ணீர் மாற்றினாள், வெயில் விழும் பக்கம் திருப்பி வைத்தாள். தாளும் வளர்ந்தது. ஆனால் நாலு விரல் வந்ததும் யாரோ வெட்டிவிடுகிறார்கள். இது மூன்றாவது தடவை.

மறுநாள் காலை. தேஷிக் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஹேரிம் பின்னாலேயே வந்து, அம்மா காதில் விழாதபடி கேட்டாள்.

"அத்தை எப்பங்க ஊருக்குப் போறாங்க?"

தினமும் காலையில் கேட்கும் அதே கேள்வி.

"அது வளரணுமே."

"அப்ப இந்த வாரம் போக மாட்டாங்களா?"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. பெத்தவளைக் கழுத்தப் பிடிச்சா தள்ள முடியும்?"

ஹேரிம் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று தேஷிக் நினைத்தான். இருப்பதே ஒரு படுக்கையறை. அதில் மாமியாரின் குறட்டைக்குப் பக்கத்தில் அவள் படுத்திருக்கிறாள். அவள் போட்ட கிம்ச்சி ஊறுகாயை மாமியார் திறந்து பார்த்து, உப்புப் போதாது என்று சொல்லி மூடுகிறாள். அவன் பாடும் சுகமில்லை. ஹாலில் தரையில் படுத்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் வேலை முடிந்து நண்பர்களோடு சோஜு குடித்துவிட்டு, அந்த வாடையோடு அம்மா முன்னால் போய் நிற்கவும் முடியாது; பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அந்தத் தாள் மட்டும் ஒரு சாண் வளர்ந்துவிட்டால் எல்லாருக்கும் விடுதலை.

வெட்டுவது யார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனான். யோசிக்க அதிகம் இல்லை. வீட்டில் மூன்று பேர். அவன் வெட்டவில்லை. எப்போது போவார்கள் என்று நாள் எண்ணுகிறவள் வெட்டமாட்டாள். மிச்சம் அம்மாதான். தானே வெட்டிவிட்டுத் தானே கத்துகிறாள். ஆளில்லாத வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை, இருக்கட்டுமாடா என்று கேட்க ரோஷம் விடவில்லை. அந்த நினைப்பிலேயே இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும், பிறகு பக்குவமாகப் பேசி ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தாள் சரியாக நாலு விரல் வந்திருந்தது. விடிகிற நேரத்தில் தேஷிக் எழுந்துபோய், சமையலறையை ஒட்டி வாஷிங் மெஷின் இருக்கும் இடுக்கில் குந்தினான். தலைக்கு மேல் ஈரத் துணி. கால் மரத்துப்போனது.

அரை மணி நேரத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. காலடிச் சத்தம். பிறகு கத்தரிக்கோல், நறுக்கென்று.

அம்மா பயந்துவிடக் கூடாதே என்று அவன் மெதுவாக எட்டிப் பார்த்தான். அதே நேரம் படுக்கையறையிலிருந்து அம்மாவின் குறட்டை கேட்டது.

ஜன்னலோரம் ஹேரிம் நின்றிருந்தாள். வெட்டிய தாளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். காரத்தில் கண் கலங்கியிருந்தது.

"நீயா?" ஈரத் துணியை விலக்கிக்கொண்டு எழுந்தான். "அத்தை எப்பப் போறாங்கன்னு தினம் தினம் உயிரை எடுத்ததும் நீதானே?"

"பயமா இருந்துச்சு, கேட்டேன்."

"என்ன பயம்?"

ஹேரிம் அடுத்த டப்பாவை இழுத்து, அதையும் நறுக்கினாள்.

"கல்யாணம் ஆன பதினோரு வருஷத்துல, ராத்திரி நான் தனியா உக்காந்து சாப்பிடாதது அவங்க வந்த இந்த ஒரு மாசம்தாங்க."