பன்னிரண்டாவது தலை

பதினொரு தலைகள் ஆடி முடிந்துவிட்டன.

ஜூரிக்குத் தலைவியாகத் தெரிவான பெண் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். குற்றவாளிதானே? ஒரு தலையாட்டல். அடுத்தவர்? இன்னொரு தலையாட்டல். வாயைத் திறந்து சொல்லக்கூட ஒருவருக்கும் பொறுமையில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம். எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

மிச்சமிருந்தது யேசுரட்ணம் மட்டுந்தான்.

அவருடைய சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயதில், புலம்பெயர்ந்து வந்து குட்மேய்ஸில் வீடு வளவென்று இருக்கிற மனிதருக்கு இப்படியும் ஒரு பயமா என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பயம் என்ன, வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

நீதிமன்றத்துக்கு வந்த முதல் நாள் எல்லாரையும் இருத்தி ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். பெயரைக் குலுக்கி எடுப்போம். பைபிளில் சத்தியம் செய்யலாம். வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. முடிவெடுக்கப் போகும்போது போனை வாங்கி வைத்துவிடுவோம். எல்லாம் விலாவாரியாகச் சொன்னார்கள். கடைசியில் தலையாட்ட வேண்டிவரும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

யேசுரட்ணம் தலையாட்டுவதில்லை.

கடையில், கோயிலில், வேலையில், யார் என்ன கேட்டாலும் வாயைத் திறந்து ‘ஓம்’ என்பார். கழுத்துப் பிடிப்பு என்று சொல்லிவைத்திருக்கிறார். மனைவி லூர்தம்மாவுக்கு முப்பது வருடமாக அது ஒரு பகிடி.

“ஒருக்கா ஆட்டினா என்ன, தலை கழண்டு விழுந்திடுமோ?”

ஊரில் ஆமி பிடித்து அடித்ததில் வந்த பிடிப்பு என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அவர் இல்லையென்று சொல்லவில்லை. அவர் உயிரோடு திரும்பி வந்ததற்காக அவள் இன்றைக்கும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள்.

ஆமி பிடித்தது உண்மை. சிப்பாய்கள் ஊரைச் சுற்றிவளைத்து, ஆம்பிளைகளைக் கோயில் வளவில் மழைக்குள் வரிசையாக நடக்கவிட்டார்கள். முன்னால் நின்ற ஜீப்பில், தலையில் சாக்கு மூடிய ஒருவன். தலையாட்டி என்பார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளின் கதை அதோடு சரி.

அன்றைக்குப் போனது தச்சுவேலை செய்கிற யோகராஜா. அவனுடைய தாய் பிலோமினம்மா ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். அவன் திரும்பி வரவேயில்லை.

இங்கேயும் ஒரு தாய் ஒவ்வொரு நாளும் வந்து நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் இருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கடைக்காரரை இரும்புக் கம்பியால் அடித்தான் என்பது வழக்கு. ஒரேயொரு சாட்சி. கொட்டுகிற மழையில், காருக்குள் பயந்து ஒடுங்கியிருந்தபடி, கண்ணாடிக்குள்ளால் பார்த்த சாட்சி. “இவன்தானா?” என்று கேட்டபோது அந்த ஆளும் தலையைத்தான் ஆட்டினான்.

நிச்சயமாக இருந்தால் மட்டும் குற்றவாளி என்று சொல்லுங்கள் என்று நீதிபதி சொல்லியனுப்பியிருந்தார்.

“உங்களுக்கு எப்படி, மிஸ்டர் ரட்ணம்? தலையை ஆட்டினாலே போதும்” என்றாள் தலைவி.

எல்லாரும் அவருடைய கழுத்தையே பார்ப்பது போலிருந்தது. ஆட்டிவிட்டால் ஆறு மணிக்கு முதல் வீட்டுக்குப் போய்விடலாம். ஒருத்தரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. தலை தானாகக் குனியப் பார்த்தது. கடவுளே என்று மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இல்லை” என்றார்.

எதிரே இருந்த மனிதர் பேனையை மேசையில் போட்டார். சாட்சி தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறானே, அவன் சரியாகப் பார்க்கவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் யேசுரட்ணத்துக்குத் தெரியும்.

சாக்கில் இரண்டே இரண்டு ஓட்டைகள்தான் வெட்டியிருந்தார்கள். பிடரியில் சிப்பாயின் துவக்குமுனை முட்டியதும் அவர் தலையை ஆட்டினார். மழையில், அந்த ஓட்டைகளுக்குள்ளால், யோகராஜாவின் முகம் அவருக்குத் தெரியக்கூட இல்லை.