நனைமோவில் மாம்பழ வாசம்

அவள் வாளிக்குள் கையை விட்டுப் பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் புளித்த மோர். அதில் இரவு முழுக்க ஊறிய கட்டிப் பெருங்காயம். மிளகாயோ கத்தரியோ, இலையில் வெள்ளைப் பூஞ்சணம் விழுந்தால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான்.

இப்போது வெள்ளை விழுந்திருந்தது கஞ்சாச் செடியில்.

அந்தப் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. மருந்துச் செடி என்பாள். கோயில் ஆட்கள் யாராவது பின்வளவை எட்டிப் பார்த்தால், அது ஒரு மரிக்கொழுந்துச் சாதி என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவாள். வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கக் கனடாவில் சட்டமே விடுகிறது. அதற்காக, இத்தனை வருடம் கட்டிக்காத்த மானத்தை ஒரு செடியிடம் கொடுத்துவிட முடியுமா?

நனைமோ என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்தவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்பார் அவள் கணவர் நவரத்தினம். நனையுமோ என்று கேட்கவே தேவையில்லை, நனையும். கடலோரம். குளிரும் கொல்லாது, வெயிலும் சுடாது. ஈரம் மட்டும் காயவே காயாது.

இந்த ஈரத்துக்குக் குட்டைச் சாதிதான் சரி என்று விதை விற்ற பெண் சொன்னாள். நீங்கள் எடுத்த பொதி நெடுஞ்சாதி, ஒல்லி இலை, ஆறுதலாக நாளெடுத்துத்தான் பூக்கும், மழை பிடித்தால் பூவோடு அழுகும் என்றும் சொன்னாள்.

ஆனால் அந்தப் பொதியில் மாம்பழம் வரைந்திருந்தது. முற்றினால் அந்த வாசம் வருமாம். நவரத்தினம் படத்தில் வைத்த விரலை எடுக்கவேயில்லை.

தொண்டைக்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சையில் நோய் போய்விட்டது. கூடவே அவருடைய மணமும் ருசியும் போய்விட்டன. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இந்த வீட்டில் பறந்துபோனது பசிதான். கருவாட்டுக் குழம்பைத் தெருவே மணக்கக் கொதிக்கவிட்டுப் பார்த்தாள். மனிசன் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தப் பூ பசியைக் கிளப்பும் என்று ஆசுப்பத்திரித் தாதி ஒருத்தி சொன்னதில்தான் இவ்வளவும் தொடங்கியது.

எழுபத்தெட்டுக் கிலோ ஆள் இப்போது ஐம்பத்தொன்று. இன்னும் இறங்கினால் வயிற்றில் குழாய் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி நிறுப்பார்கள். இன்றைக்கு வியாழன்.

பூவில் படாமல், இலை இலையாக மோரைத் தெளித்தாள். வலக்கை முழங்கை வரை ஈரம். அதனால் உச்சியில் பருத்திருந்த பூவை இடக்கை விரல்களால் மெல்ல நசித்தாள். பிசின் ஒட்டியது.

மணந்து பார்த்தாள்.

கொஞ்சம் மண்ணெண்ணெய் போல, கொஞ்சம் ஈரப் புல் போல. அதற்கும் அடியில் மாம்பழம். மாம்பழமேதான்.

ஓடினாள். அறுபத்தாறு வயது முழங்காலோடு ஓடினாள்.

பின்கதவுக்கு உள்ளே கதிரையில், கம்பளித் தொப்பியோடு அவர் இருந்தார். இடக்கையால் கதவைத் தள்ளிப் பிடித்தாள். ஒருவர் முகத்துக்கு நேரே வலக்கையைத்தானே நீட்டிப் பழக்கம். நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, மணந்து சொல்லுங்கோ பாப்பம். என்ன வருது?"

அவர் கண்ணை மூடினார். நெஞ்சு உயரும்வரை இழுத்தார்.

"கறுத்தக்கொழும்பான்" என்றார்.

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் நான்கையும் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். படத்தில் மட்டுமே பார்த்திருந்த மாப்பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் காரில் ஏறினாள். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டார். அன்றைக்கும் இதே சொல்தான். அவளிடம் அவர் பேசிய முதல் சொல். அவள் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். வெகுநேரம் அவர் காரை எடுக்கவில்லை.

அந்தக் காரும் அந்தக் குளிரும் மெல்லிய மீசை வைத்த அந்த ஒல்லிப் பெடியனும் அப்படியே வந்து முன்னால் நின்றார்கள். எவ்வளவு நல்ல நாள் அது!

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

பெருங்காயம்.

மூக்கைத் துளைத்தது. மோரில் கரைத்த கை. கழுவ மறந்த கை. பூவை நசித்த கை இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிசன்.

உண்மையாகவே மணந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அழுகைதான் வந்தது.

"ஓம், நல்லா முத்தீட்டுது" என்றாள்.

"பசிக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் சோறு போடும்."

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். சோற்றில் பருப்பை விட்டுக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து இறக்கினார். ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டினார். நல்லாயிருக்காம்.

தட்டு முடியும் தறுவாயில் அவள் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.