ஓடத் தடை

மரகதத்தின் மகள் நித்திலாவின் ஸ்மார்ட் ஷூ பள்ளிக்குச் செய்தி அனுப்பிவிட்டது: குதிகால் ஊன்றி ஓடுகிறாள், முழங்கால் தேய்கிறது, ஒரு மாதம் ஓடத் தடை. மாவட்டப் போட்டியோ நாளை!

"நான் முன்பாதம் ஊனித்தானே ஓடுறேன்!" என்று அழுதாள் நித்திலா.

மரகதம் அந்த ஷூவைக் கையில் எடுத்தாள். "என் செருப்பு அறுந்துபோச்சுடி. இந்த வாரம் பூரா தண்ணி லாரிக்கு உன் ஷூவுலதான் ஓடினேன்."

விஷயத்தைப் போனில் கேட்ட கோச் விழுந்து விழுந்து சிரித்தார். மகளின் தடையை அம்மா பெயருக்கு மாற்றினார். "ஷூ பொய் சொல்லாதும்மா. நீங்க உட்காருங்க."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மரகதத்தை யாரும் உட்காரச் சொன்னதில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள். தெருவில் ஹாரன் கேட்டது.

டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள்: "என்னங்க, லாரி வந்தாச்சு. குடத்தைத் தூக்கிட்டு ஓடுங்க. குதிகால் ஊனாம!"